கொண்டைக்குருவி கடல் கடந்த கதை

சுருளிப்பட்டியின் திராட்சைப் பந்தல்களின் ஓரமாகக் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். கரும்பழுப்பு உடல், கறுத்த தலை, அதன்மேல் சிறு கொண்டை, வாலடியில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்பு. இனிய குரலில் கூவும் இந்தப் பறவைதான் கொண்டைக்குருவி. சின்னான் என்றும் இதை அழைப்பார்கள். பழுத்த பன்னீர்த் திராட்சையைக் கொத்தும்போது தோட்டக்காரருக்கு இதன்மேல் கோபம் வரும். பூச்சி, புழுக்களையும் தின்பதால் அக்கோபம் ஓரளவு தணியும்.

பாகிஸ்தான் முதல் மியான்மர் வரையிலும், தெற்கே இலங்கையிலும் வாழ்வது இதன் இயல்பு. நெடுந்தொலைவு வலசை போகும் பழக்கம் இதற்கு இல்லை. அப்படியானால் பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் தீவுகளில் இன்று இது கூவுவது எப்படி?

மனிதன்தான் கொண்டு சென்றான். கொண்டைக்குருவிகளைக் கூண்டில் வளர்ப்பதும் சண்டைக்குப் பழக்குவதும் நம் நாட்டில் பழைய வழக்கம். 1879 முதல் 1916 வரை இந்தியத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஃபிஜித் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். அவர்கள் மூலமாக 1903ஆம் ஆண்டளவில் இப்பறவை அங்கே சென்றதாகக் கருதப்படுகிறது. பின்னர் சமோவா, டோங்கா தீவுகளிலும் பரவியது. 1960களில் ஹவாயின் ஓவாஹு தீவிலும், 1970களின் இறுதியில் டஹிட்டியிலும், 1980களில் நியூ கலிடோனியாவிலும் காலூன்றியது. கூண்டிலிருந்து தப்பியவையும், திறந்துவிடப்பட்டவையுமே பல இடங்களில் பெருகின.

இவை ஏன் இவ்வளவு எளிதாகப் பெருகின? நம் ஊரில் செம்போத்தும் காகமும் பாம்பும் இதன் கூட்டைச் சூறையாடும். சுடலைக்குயில் இதன் கூட்டில் தன் முட்டையை இட்டுச் செல்லும். தீவுகளிலோ இத்தகைய பகைகள் குறைவு. பழம், மொட்டு, தேன், பூச்சி என எதையும் உண்ணும். மனிதர் குடியிருப்பை அஞ்சாது. வேறென்ன வேண்டும்?

விளைவு என்ன தெரியுமா? ஹவாயில் ஆர்க்கிட் மலர்த் தோட்டங்களுக்குச் சேதம். டஹிட்டியில் வேறொரு சிக்கல். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 1937இல் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மைக்கோனியா என்னும் மரம் அங்குள்ள காடுகளை மூடிவருகிறது. அதன் கனியை உண்டு விதையைத் தொலைவில் எச்சமிட்டுப் பரப்புவோரில் நம் கொண்டைக்குருவியும் ஒன்று. அத்தீவுக்கே உரிய, அருகிவரும் ஈப்பிடிப்பான் ஒன்றையும் இது தொல்லைப்படுத்துகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் பறவைகள் மூன்றே. ஒன்று ஐரோப்பாவின் ஸ்டார்லிங். மற்ற இரண்டும் நம் மைனாவும் கொண்டைக்குருவியும்!

விதை பரப்பும் அதே வேலை சுருளி மலைக் காட்டில் நன்மையாகிறது. தீவில் கேடாவது பறவையின் குற்றமா? உயிரினங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு நெடுங்காலத்தில் உருவானது. அதிலிருந்து ஓர் உயிரைப் பிரித்து வேறிடத்தில் விட்டால், அந்தக் கட்டு அறுந்துபோகிறது. வெளிநாட்டு மீனைக் கிணற்றிலோ, வளர்ப்புப் பறவையைத் தோப்பிலோ விடும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டருகே கொண்டைக்குருவி எந்தெந்தப் பழங்களை உண்கிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்களேன்! அவற்றில் உண்ணிச்செடியின் கறுத்த கனியும் இருக்கலாம். அந்தச் செடி அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது.