வைசர் கூசுகிறதா? மானிட்டர் முன் ஒரு சோதனை!

திருப்பாச்சூரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கு பைக்கில் வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு. காலையில் கிழக்கே போகிறோம், சூரியன் நேர் எதிரே. மாலையில் மேற்கே திரும்புகிறோம், அப்போதும் நேர் எதிரே! இரவு ஷிப்ட் முடிந்து வந்தாலோ, எதிரே வரும் லாரிகளின் ஹெட்லைட். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே ஒரு வினாடி கண் தெரியாவிட்டால், வண்டி சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். அந்த 14 மீட்டருக்குள் விளக்கில்லாத ஒரு சைக்கிள்காரர் இருக்கலாம்.

கம்ப்யூட்டர் இதழில் ஹெல்மெட்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நீங்கள் புதிதாக வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரே வைசரைச் சோதிக்க நல்ல கருவி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கூச்சம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். எதிரே வரும் ஒளி ஒவ்வொரு கீறலிலும் தூசியிலும் பட்டு நாலாபுறமும் சிதறுகிறது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை போட்டது போல ஆகிவிடும். சாலையில் நிற்கும் ஆள் அந்தத் திரைக்குப் பின்னால் மறைந்துபோவார்.

இனி சோதனை. பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, பக்கம் முழுவதையும் கறுப்பு நிறத்தால் நிரப்புங்கள். டெக்ஸ்ட் டூலைத் தேர்ந்தெடுத்து, அடர்ந்த சாம்பல் நிறத்தில் பெரிதாக நான்கைந்து எழுத்துகளை டைப் செய்யுங்கள். எஃப்11 கீயை அழுத்தினால் படம் திரை முழுவதும் விரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் போனின் டார்ச்சை மானிட்டருக்குப் பக்கத்தில் உங்களை நோக்கி வையுங்கள். இப்போது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வைசரை இறக்கி, எழுத்துகளைப் படியுங்கள். (வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!) பிறகு வைசரைத் தூக்கிவிட்டுப் படியுங்கள்.

டார்ச்தான் லாரி, சாம்பல் எழுத்துதான் சைக்கிள்காரர். வைசர் இல்லாமல் தெரிகிற எழுத்து, வைசர் வழியாகத் தெரியவில்லை என்றால் குற்றம் வைசரில். வைசர் இல்லாமலும் தெரியவில்லை என்றால் உங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லையா, கண் மருத்துவரிடம் போங்கள். கண்புரையின் அறிகுறிகளில் இந்தக் கூச்சமும் ஒன்று.

வைசரில் குற்றம் என்றால் உடனே புதிது வாங்க ஓடவேண்டாம். முதலில் கழுவுங்கள். நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைசர் மேல் போட்டு, காய்ந்த பூச்சியும் மண்ணும் ஊறியபின், சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த தூசியைச் சட்டை நுனியால் தேய்ப்பதுதான் கீறலுக்கு முதல் காரணம். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் கூடாது. மானிட்டருக்கும் இதே விதிதான். அதற்குக் கூடுதலாக ஒன்று: சுவிட்சை அணைத்துவிட்டு, திரையில் நேரடியாகத் தெளிக்காமல் துணியை லேசாக ஈரமாக்கித் துடைக்க வேண்டும்.

கழுவியும் எழுத்து தெரியாவிட்டால், அந்த வைசரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கீறலை மறைக்கும் பாலிஷ் எதையும் நான் நம்புவதில்லை.

பகல் வெயிலுக்குக் கறுப்பு வைசர் போடலாம், ஆனால் இரவில் கூடவே கூடாது. ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ள ஐ.நா. 22ஆம் விதிப்படி, 80 சதவீதத்துக்கும் குறைவாக ஒளி விடும் வைசரில் 'பகலுக்கு மட்டும்' என்று குறிப்பிட வேண்டும். உள்ளே இறக்கி ஏற்றும் கறுப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட் என்றால் வசதி. செலவே வேண்டாம் என்றால், வைசரின் மேல் விளிம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டுங்கள். தலையைச் சற்றுக் குனிந்தால் காலைச் சூரியன் அதன் பின்னால் மறைந்துவிடும், சாலை தெரியும். பார்வையை மறைக்கும் அளவுக்கு ஒட்டிவிடாதீர்கள்.

போலரைஸ்டு கூலிங்கிளாஸ் என்று கடையில் விற்பதையும் மானிட்டர் முன் சோதிக்கலாம். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி போலரைஸ் ஆனது. வெள்ளைத் திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்து மெதுவாக அரைச் சுற்று திருப்புங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனால் அது அசல். வெறும் சாயக் கண்ணாடி என்றால் மாற்றமே இராது. ஈரச் சாலையின் பளபளப்பை இது நன்றாகக் குறைக்கும். ஆனால் சில போன்களில் மேப் பார்க்கும்போதும் திரை இதே போலக் கறுத்துவிடும். வைசர் வழியாகப் பார்த்தால் வானவில் திட்டுகளும் தெரியலாம்.

இரவுக்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே? 2019இல் அமெரிக்காவின் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தினர் கார் ஓட்டும் சிமுலேட்டரில் சோதித்தபோது, பாதசாரிகளைக் கண்டுகொள்ள மஞ்சள் கண்ணாடி உதவவில்லை. ஒளியையும் குறைத்து, காசையும் வாங்கிக்கொள்கிறது.

இரவில் நான் செய்வது இவ்வளவுதான்: தெளிவான வைசர், எதிரே லாரி வரும்போது வேகத்தைக் குறைத்து, விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்ப்பது. பகலில் கறுப்பு வைசர் போடுபவர்கள், தெளிவான வைசர் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிபன் பாக்ஸுடன் உரசாதபடி தனி அறையில்.