மாடல் ரயிலுக்கு டேங்க் கார் வாங்கப் போறீங்களா? முதல்ல வருஷத்தை முடிவு பண்ணுங்க!

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த ரயில் ஞாபகம் இருக்கா? 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த நீளமான உருளை வேகனைத்தான் அமெரிக்காவில் 'டேங்க் கார்' என்கிறார்கள். அங்கே மாடல் ரயில் வைத்திருப்பவர்களிடம் ஒரு டேங்க் கார்கூட இல்லாத சேகரிப்பைப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால், அதிகமாகத் தப்பு நடக்கும் இடமும் இதுதான். கடையில் பளபளக்கும் மஞ்சள் நிற டேங்க் கார். மேலே மூன்று குமிழ், பக்கவாட்டில் பெரிய எண்ணெய்க் கம்பெனி லோகோ. பார்த்ததும் வாங்கிவிடத் தோன்றும். வீட்டுக்கு வந்து 1948-ஆம் வருஷத்து நீராவி எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினால், விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கேட்பார்: "இது இந்தக் காலத்து வண்டியே இல்லையே?"

நல்ல தரமான மாடல் ஒன்று இன்று 50 டாலரைத் தொடுகிறது. பத்து வாங்கினால் பெரிய செலவு. அதனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க.

'வின்டேஜ் லேஅவுட்' என்றால் என்ன?

ஒரு அறையிலோ மேஜை மேலோ தண்டவாளம், ஸ்டேஷன், ஊர் எல்லாவற்றையும் சிறியதாக அமைப்பதுதான் லேஅவுட். அதை ஒரு பழைய காலகட்டத்தில் நிறுத்தினால் வின்டேஜ். நீராவி எஞ்சின் போய் டீசல் வந்த 1940, 50-கள் அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் ஓட்டலாம் என்பதுதான் காரணம்.

அங்கே அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. ஸ்கேல். அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 3.5 மில்லிமீட்டர். சுமார் 35 அடி நீளமுள்ள டேங்க் கார் மாடலில் உள்ளங்கை நீளம்தான் வரும். ஓர் அங்குல ரிவெட் தலை 0.3 மில்லிமீட்டராகிவிடும். இவ்வளவு சின்னதில் யார் பார்க்கப் போறாங்க என்று தோன்றலாம். ஆனால் கண்ணுக்கு முதலில் படுவது ரிவெட் இல்லை, வடிவம். அந்த வடிவம்தான் வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வருஷம் ஏன் இவ்வளவு முக்கியம்?

டேங்க் காரின் கதை 1865-இல் பென்சில்வேனியா எண்ணெய் வயல்களில் தொடங்கியது. டென்ஸ்மோர் சகோதரர்கள் ஒரு தட்டை வேகன் மேல் இரண்டு பெரிய மரத் தொட்டிகளை நிற்க வைத்து எண்ணெய் அனுப்பினார்கள். சில வருஷங்களிலேயே மரத் தொட்டி போய், படுக்கைவாட்டில் இரும்பு உருளை வந்தது. அதற்குப் பிறகு வந்த மாற்றங்களில் மாடல் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இவை:

* 1941: பெட்டிக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை அமெரிக்காவில் 'டிரக்' என்பார்கள். பட்டை இரும்புகளை போல்ட் போட்டு இணைத்த பழைய 'ஆர்ச் பார்' டிரக்குக்கு இந்த வருஷம் தடை வந்தது. ஒரு கம்பெனி பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வண்டிகளில் அது இருக்கக் கூடாது. டேங்க் கார் ஊர் ஊராகச் சுற்றும் வண்டி. அதனால் 1948 லேஅவுட்டில் ஆர்ச் பார் தெரிந்தால் தப்பு.
* 1953: 'கே' வகை பழைய பிரேக்கும் இதேபோல் விலக்கப்பட்டது. 1950-களின் பிற்பகுதி லேஅவுட்டுக்கு 'ஏபி' பிரேக் உள்ள மாடல்தான் சரி.
* 1954: யூனியன் டேங்க் கார் கம்பெனி குமிழே இல்லாத வெல்டிங் டேங்க் காரை அறிமுகப்படுத்தியது. வழவழவென்று இருந்ததால் செல்லப் பெயர் 'ஹாட் டாக்'. 1948-இல் இது ஓட வாய்ப்பே இல்லை.
* 1967: பல வண்ணக் கோடுகள் கொண்ட அடையாள லேபிள் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. பத்து வருஷத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மாடலில் அந்த லேபிள் இருந்தால் அது 1967-க்கு முந்தைய வண்டி இல்லை.

இன்னொரு விஷயம், ரிவெட். பழைய தொட்டிகளில் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்தார்கள். 1940-களில்தான் வெல்டிங் பரவலானது. ஆனால் ரிவெட் வண்டிகள் பல பத்தாண்டுகள் உழைத்தன. அதனால் பழைய வண்டி புதிய காலத்தில் ஓடுவது சரிதான். புதிய வண்டி பழைய காலத்தில் ஓடுவதுதான் தப்பு. குழப்பம் வந்தால் இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்குங்க.

மேலே இருக்கும் குமிழ் எதுக்கு?

'டோம்' எனப்படும் அந்தக் குமிழ் அழகுக்காக வைத்தது இல்லை. வெயிலில் எண்ணெய் சூடாகி விரியும். தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தால் விரிய இடம் இருக்காது. அதற்காகத் தொட்டியின் கொள்ளளவில் குறைந்தது 2 சதவீத இடம் மேலே டோமாக விடப்பட்டது. பின்னாளில் அந்தக் காலி இடத்தை உருளைக்குள்ளேயே விட்டார்கள். டோம் மறைந்துபோனது.

அப்படியானால் மூன்று டோம்? அது மூன்று தனித்தனி அறைகள் கொண்ட தொட்டி. சின்ன ஊர் எண்ணெய் வியாபாரிக்கு ஒரு முழு வண்டி பெட்ரோல் தேவைப்படாது. ஓர் அறையில் மண்ணெண்ணெய், மற்ற இரண்டில் இரண்டு ரகப் பெட்ரோல் என ஒரே வண்டியில் வரவழைப்பார். கலிஃபோர்னியாவிலிருந்து ஒயின் ஏற்றிவந்த வண்டிகளில் ஆறு அறைகள்கூட இருந்தன. ஆக, பல டோம் வண்டி நிஜம்தான். ஆனால் எண்ணிக்கையில் குறைவு. பொம்மைக் கடையில் அது அதிகம் தெரிவதற்குக் காரணம், பார்க்க அழகாக இருப்பதுதான்.

உள்ளே என்ன சரக்கு?

டேங்க் கார் என்றாலே பெட்ரோல் என்று நினைப்போம். ஆனால் தார், கந்தக அமிலம், குளோரின், மக்காச்சோளப் பாகு எல்லாமே இதில்தான் போயின. சரக்கு மாறினால் தொட்டியின் வடிவமும் மாறும்.

அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல 1.8 மடங்கு கனம். சக்கரம் தாங்கும் எடை மாறாது என்பதால் தொட்டி சிறியதாக இருக்கும். அடியில் திறப்பு வைக்காமல் மேல் வழியாகவே அமிலத்தை வெளியே எடுப்பார்கள். குளோரின், சமையல் எரிவாயு போன்றவற்றுக்கு அழுத்தத்தைத் தாங்கும் தடித்த தொட்டி வேண்டும். அதில் பெரிய டோம் கிடையாது. வால்வுகளை மூடிய சின்ன உறை மட்டும் தெரியும். தாருக்கு உள்ளே சூடேற்றும் குழாய்கள் தேவை.

உங்கள் லேஅவுட்டில் எண்ணெய்க் கிடங்கு மட்டும் இருக்கிறது, ஆனால் நிற்பது அமில வண்டி என்றால் கதை இடிக்கும். முதலில் உங்கள் ஊரில் என்ன தொழிற்சாலை என்று பாருங்க. அதற்குப் பிறகு வண்டி.

அது யாருடைய வண்டி?

அமெரிக்க வேகன்களின் பக்கவாட்டில் சில எழுத்துகள் இருக்கும். கடைசி எழுத்து 'எக்ஸ்' என்றால் அது ரயில்வே கம்பெனியின் வண்டி இல்லை, தனியாருடையது. டேங்க் கார்களில் பெரும்பகுதி இப்படித்தான். அதிகம் தென்பட்டவை ஜி.ஏ.டி.எக்ஸ்., யு.டி.எல்.எக்ஸ். இரண்டும்.

இதில் யு.டி.எல்.எக்ஸ். எழுத்துகளுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு. இது ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கையில் இருந்த டேங்க் கார் படை. எண்ணெய் யாரிடம் இருந்தாலும், ஏற்றிச் செல்ல வண்டி யாரிடம் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும். போட்டியாளர்களை நெருக்க இது ஓர் ஆயுதமாக இருந்தது. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 கம்பெனிகளாக உடைந்தபோது இந்தப் படையும் தனிக் கம்பெனியானது.

அந்த வண்டிகளின் நிறம்? பெரும்பாலும் வெறும் கறுப்பு. லோகோ இல்லை, அலங்காரம் இல்லை. வாடகை வண்டிக்கு யார் விளம்பரம் எழுதுவார்கள்? அதனால் வின்டேஜ் லேஅவுட்டில் ஏழெட்டு கறுப்பு வண்டிக்கு நடுவில் ஒரே ஒரு வண்ண வண்டி நின்றால் அது நிஜம் மாதிரி இருக்கும். எல்லாமே வண்ணமாக இருந்தால் அது மிட்டாய்க் கடை.

எத்தனை வண்டி வாங்கணும்?

இதற்கும் வருஷம்தான் பதில் சொல்லும். 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையில் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. அந்த எண்ணெயில் பெரும்பகுதி ரயிலுக்கு மாறியது. 1943-இல் ஒரு நாளைக்கு 9 லட்சம் பேரலுக்கும் மேல் ரயிலில் போனது. கிடைத்த பழைய, புதிய டேங்க் கார்களை எல்லாம் கோத்து முழு ரயில்களாக ஓட்டினார்கள். உங்கள் லேஅவுட் 1943 என்றால் இருபது டேங்க் காரை வரிசையாக மாட்டலாம், தப்பே இல்லை.

1948 என்றால் கதை வேறு. குழாய்ப் பாதைகளும் கப்பல்களும் திரும்பிவிட்டன. சின்ன ஊருக்கு வரும் சரக்கு ரயிலில் ஒன்றிரண்டு டேங்க் கார் வந்தாலே போதும்.

எந்த மாடலைத் தேடலாம்?

ஏ.சி.எஃப். கம்பெனியின் 'டைப் 21', 'டைப் 27' வண்டிகள் நல்ல தொடக்கம். பெயரில் இருக்கும் எண்ணே வடிவமைத்த வருஷம்: 1921, 1927. எச்.ஓ. ஸ்கேலில் டைப் 21-ஐ புரோட்டோ 2000 வரிசையிலும், டைப் 27-ஐ இன்டர்மவுன்டனும் கொண்டுவந்தன. ஜெனரல் அமெரிக்கனின் 1917 வடிவமைப்பை டாஞ்சன்ட் தந்திருக்கிறது. கறுப்பு யு.டி.எல்.எக்ஸ். 'எக்ஸ்-3' வேண்டுமென்றால் ராப்பிடோ. புதிதாகக் கிடைக்காதவை பழைய சரக்கு விற்கும் இடங்களில் சிக்கும்.

பணம் கொடுக்கும் முன் 5 கேள்விகள்

1. என் லேஅவுட் எந்த வருஷம்? இந்த வண்டி அதற்கு முன்பே கட்டப்பட்டதா? பெட்டியில் எழுதியிருக்கும் கட்டிய தேதியைப் பாருங்க.
2. டிரக்கும் பிரேக்கும் அந்த வருஷத்தில் அனுமதிக்கப்பட்டவையா?
3. இந்தச் சரக்கை இறக்க என் ஊரில் இடம் இருக்கா?
4. ஏற்கெனவே எத்தனை வண்ண வண்டி வைத்திருக்கிறேன்?
5. எடை சரியா? அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் கணக்கு: எச்.ஓ.வில் 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 5 அங்குல வண்டி சுமார் 100 கிராம் இருக்கணும். குறைந்தால் வளைவில் தடம் புரளும். கிட் வாங்கினால் தொட்டியை ஒட்டும் முன்பே எடையை உள்ளே வைத்துவிடுங்கள். பிறகு திறக்க முடியாது.

ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டால் தைரியமா வாங்கலாம். பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கப்போவது, கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கறுப்பு வண்டிதான். டோமைச் சுற்றி லேசாக எண்ணெய்க் கறை மட்டும் பூசி, நீராவி எஞ்சினுக்குப் பின்னால் மாட்டிப் பாருங்க. 1948 வந்துடும்.