குறையை மறைக்கும் குட்டி நிழல்கள்

அமெரிக்க வீடுகள் பலவற்றில் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், உட்கூரை வழவழப்பாக இராது. காகத்தின் காலடித் தடங்களைப் போல, சுழிகளைப் போல, நசுங்கிய குமிழிகளைப் போல அதன்மீது புடைப்புகள் இருக்கும். இவை அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு குறையை மறைப்பதும் இவற்றின் வேலை. அது என்ன குறை?

காகிதத்தின் நடுவே ஜிப்சம்

அமெரிக்காவில் மரச்சட்டங்களைக் கொண்டு கட்டப்படும் வீடுகள் அதிகம. முன்காலத்தில் அச்சட்டங்களில் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து, அவற்றின்மேல் சாந்து பூசினர். அது காய்வதற்கு நெடுநாள் ஆகும். 1894ஆம் ஆண்டில் அகஸ்டின் சாக்கெட் என்பவர், காகிதத்தையும் சாந்தையும் அடுக்கிச் செய்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் வளர்ந்ததே இன்றைய ஜிப்சம் பலகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளை விரைவாகக் கட்ட வேண்டியிருந்ததால், இது எங்கும் பரவியது. ஈரச்சாந்து தேவைப்படாததால் இதற்கு 'டிரைவால்', அதாவது உலர்சுவர், என்று பெயர்.

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிக நீர்! தீ விபத்தின்போது இந்த நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், தீ பரவுவது தாமதமாகிறது.

மேடும் நிழலும்

பலகையின் வழக்கமான அளவு 4 அடி அகலம், 8 அடி நீளம். ஆகவே ஓர் அறையின் உட்கூரைக்குப் பல பலகைகள் தேவை. அவற்றின் இணைப்புகளில் காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் இணைப்புப் பசையைப் பூசுகிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அங்கே ஒரு சிறு மேடு நிற்கும். 1 மில்லிமீட்டர் மேடு கண்ணுக்குத் தெரியுமா? தெரியும்! சன்னல் வழியே வரும் ஒளி உட்கூரையைச் சாய்வாக உராய்ந்து செல்கிறது. ஒளிக்கும் உட்கூரைக்கும் இடையே உள்ள கோணம் 5 டிகிரியானால், அந்த மேட்டின் நிழல் 11 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இணைப்பு நெடுகிலும் ஒரு கோடாக அது தெரியும்.

இப்போது உட்கூரை முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு புடைப்புகளை உண்டாக்கினால்? ஒவ்வொன்றும் ஒரு நிழலை வீழ்த்தும். அந்த நிழற்கூட்டத்தில் இணைப்பின் நிழல் கலந்து மறைந்துவிடும்.

கைக்கருவிகளே போதும்

முதலில் இணைப்புகள் நன்றாகக் காய வேண்டும். பின்பு அடிப்பூச்சு ஒன்று அவசியம். காகிதமும் காய்ந்த பசையும் நீரை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. அடிப்பூச்சு இல்லாவிட்டால் மேற்பூச்சு சீராகக் காயாது. பலகையின் காகிதம் ஈரத்தைக் குடிப்பதால் பலகை தொய்யவும் கூடும்.

அடுத்து, இணைப்புப் பசையில் சிறிது நீர் கலந்து இட்லி மாவின் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உருளையால் அதை மெல்லியதாகப் பரப்பி, விரிந்த மயிர்களையுடைய தூரிகையால் மேல்நோக்கிக் குத்திக்குத்தி எடுக்கிறார்கள். தூரிகை விலகும்போது பசை நூலாக நீண்டு, அறுந்து, சிறு முனைகளாக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் தூரிகையைச் சற்றுத் திருப்பினால், ஒரே உரு திரும்பத்திரும்பத் தோன்றாது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் பசையின் ஈரப் பளபளப்பு மங்கும். அப்போது அகன்ற தகட்டால் மென்மையாக வருடினால், முனைகள் தட்டையாகும்.

தலைகீழாக நிற்கும் இந்தப் பசை ஏன் சொட்டுவதில்லை? பற்பசையை நினைத்துப் பாருங்கள். குழாயை அழுத்தினால் வழிகிறது. தூரிகையில் வைத்தால் வடியாமல் நிற்கிறது. இத்தகைய பொருள்கள், ஓர் அளவுக்கு மேற்பட்ட விசை கிடைத்தால்தான் பாயும். மெல்லிய பூச்சின் எடை அந்த அளவை எட்டுவதில்லை. நீர் மிகுந்தால் அந்த அளவு குறைந்து, பசை தலையில் சொட்டும்!

தூசியில் ஒளிந்த ஆபத்து

பழைய உட்கூரைகளில் வேறொரு பொருளும் கலந்திருக்கலாம். அதுதான் கல்நார். அதன் நுண்ணிழைகள் மூச்சுடன் நுரையீரலில் புகுந்து தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். அமெரிக்க அரசு, கல்நார் கலந்த இணைப்புப் பசையை 1977ஆம் ஆண்டிலும், கல்நார் கலந்து தெளிக்கும் அலங்காரப் பூச்சை 1978ஆம் ஆண்டிலும் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் பூசியவை பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. எனவே பழைய பூச்சைச் சுரண்டுமுன் அதன் மாதிரியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்ப்பது கட்டாயம். புதிய பசையின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. அதை உலர்வாகத் தேய்ப்பதைவிட ஈரப் பஞ்சால் துடைத்துச் சமன்செய்வது நல்லது.

செய்து பாருங்கள்

இரண்டு தடித்த அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துண்டுக் காகித நாடாவை ஒட்டுங்கள். இரண்டின் மீதும் சுவருக்குப் பூசும் குழைத்த பட்டியை மெல்லியதாகத் தடவுங்கள். ஒன்றை வழவழப்பாக விடுங்கள்; மற்றதைப் பழைய தூரிகையால் குத்தி எடுங்கள். காய்ந்த பின், இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். நாடா எந்த அட்டையில் தெரிகிறது? ஒளியை நேர் எதிரில் பிடித்தால் என்ன ஆகிறது? காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.