ஆயிரத்தில் ஒரு குப்பி

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போய், திருப்போரூரைத் தாண்டினால் ஆலத்தூர். அங்குள்ள சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் செய்திகளில் அடிபட்டது. அந்தப் பேட்டையிலுள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவில் ‘எஸ்ரிகேர்’ என்ற பெயரில் விற்கப்பட்ட கண் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆன்டிபயாடிக்குகளுக்கு எளிதில் அடங்காத ஒரு வகை சூடோமோனாஸ் கிருமி அதன் வழியே நோயாளிகளிடையே பரவியிருந்தது. அந்த மே மாதக் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். அவர்களில் 14 பேருக்குப் பார்வை போனது. நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. நான்கு பேர் இறந்தார்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறைகளாகச் சொன்னவை மூன்று: கிருமிச் சோதனை போதவில்லை, பல நாள் பயன்படுத்தும் குப்பியில் போதிய பதப்படுத்தி இல்லை, பிரித்தால் தெரியும்படியான முத்திரையின் மீது சரியான கட்டுப்பாடு இல்லை. இங்கே தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்று தோன்றலாம். அப்படி இருக்க வேண்டியதில்லை. மாதிரி என்பது மாதிரி மட்டுமே.

கிருமி உள்ளே நுழைய ஒரு வழியான குப்பிக் கசிவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்சில் ஆயிரத்துக்கு ஒரு குப்பி கசிகிறது என்று வையுங்கள். தரக் கட்டுப்பாட்டு (கியூசி) ஆட்கள் 20 குப்பிகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் கசியும் குப்பி அவர்கள் கையில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. அதாவது, இப்படிப்பட்ட நூறு பேட்சுகளில் 98 ‘பாஸ்’ ஆகி லாரி ஏறும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான்.

சோதனையும் எளிமையானதுதான். டெசிகேட்டர் என்ற காற்றுப் புகாத கலத்தில் மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீர், அதில் மூழ்கிய குப்பிகள் அல்லது மாத்திரை ஸ்ட்ரிப்கள். மூடி, காற்றை உறிஞ்சி, சற்று நேரம் விட்டுத் திறந்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் நீலம் உள்ளே போயிருக்கும். பல பத்தாண்டுகளாக உழைத்த முறை இது, இதை நான் இகழ மாட்டேன். ஆனால் சோதித்த சரக்கை விற்க முடியாது. நீலம் லேசாக ஏறியிருந்தால் அதைக் காண்பது பார்ப்பவரின் கண்ணையும் வெளிச்சத்தையும் பொறுத்தது. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். சூடோமோனாஸின் பருமனோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு; அது நுழையும் துளை கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

மெஷின் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. வேகத்துக்காக அல்ல, ஒவ்வொரு குப்பியையும் கெடுக்காமல் பார்ப்பதற்காக. ஒரு முறை வாக்குவம் சார்ந்தது: குப்பி கச்சிதமாக அடங்கும் சிறு அறையில் காற்றை உறிஞ்சி, பம்பைத் துண்டித்துவிட்டு அழுத்தத்தைச் சில நொடிகள் கவனிப்பார்கள். அழுத்தம் ஏறினால் குப்பியிலிருந்து ஏதோ வெளியேறுகிறது. இன்னொன்று உயர் மின்னழுத்த முறை: பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிச் சுவர் மின்சாரத்தைத் தடுக்கும், துளை இருந்தால் உள்ளிருக்கும் திரவத்தின் வழியே மின்னோட்டம் பாயும், கருவி உடனே காட்டிவிடும். எண்ணெய் மருந்துக்கு இது உதவாது, எண்ணெயில் மின்சாரம் பாயாது.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரம் படிந்த குப்பி வாக்குவம் அறைக்குள் போனால், அந்த ஈரம் ஆவியாகி அழுத்தத்தை ஏற்றும். நல்ல குப்பியும் ரிஜெக்ட் ஆகும். ரிஜெக்ட் கூடிக்கொண்டே போனால், அனுப்ப வேண்டிய ஆர்டரின் அவசரத்தில், அழுத்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று ஒரு குரல் எழும். தானியங்கிச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் குரலில்தான் என்பது என் எண்ணம். குப்பியை உலர்த்துவதுதான் வேலை, வரம்பைத் தொடுவதல்ல. ஷிஃப்ட் தொடங்கும்போது லேசரால் சில மைக்ரான் துளையிட்ட குப்பி ஒன்றை மெஷினுக்குள் விட்டு, அது பிடிபடுகிறதா என்று பார்த்த பிறகே உற்பத்தியைத் தொடங்க வேண்டும். ரிஜெக்ட் பெட்டிக்குப் பூட்டு வேண்டும். யார் எப்போது வரம்பை மாற்றினாலும் அது அழிக்க முடியாத பதிவாக வேண்டும்.

குப்பிகளை இப்படி ஒவ்வொன்றாகச் சோதிப்பதை ஐரோப்பிய விதிகளும் வலியுறுத்துகின்றன. உருக்கி மூடும் ஆம்பூல் போன்ற சிறு கலங்கள் ஒவ்வொன்றும் சோதிக்கப்பட வேண்டும். கண்ணால் பார்ப்பது கசிவுச் சோதனை ஆகாது என்றே, 2023 ஆகஸ்டு 25 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் எழுதிவிட்டார்கள். மூடியைத் திருகினால் உள்ளிருக்கும் முள் நுனியைத் துளைக்குமே, அந்தக் கண் சொட்டுக் குப்பிகளில் பலவும் உருக்கி மூடியவைதான். குரோம்பேட்டையில் கண் அறுவை முடிந்து வீடு திரும்பும் பாட்டி வாங்குவதும் அப்படிப்பட்ட குப்பிதான். கடல் கடக்கும் பேட்சுக்கு மெஷின், தாம்பரம் மருந்துக்கடைக்கு நீலத் தண்ணீர் என்று பிரித்தால் அதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. குப்பி மூடும் முன்பே உள்ளே போய்விட்ட கிருமியை இந்த மெஷின் எதுவும் பிடிக்காது. கசியாத குப்பிக்குள் அது பத்திரமாக இருக்கும். அதைத் தடுப்பது மருந்தை நிரப்பும் அறையும் 0.22 மைக்ரான் வடிகட்டியும். அடுத்த வாரம் அந்த அறைக்குள் போவோம்.

(தொடரும்)