பிழை என்று தெரிந்தும் திருத்தாத மொழி

எமது பிள்ளைகளிற் பலர் இன்று கணனிக்கு நிரல் எழுதப் பழகுகின்றனர். இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ற் என்ற மொழி அவர்களுக்கு விரைவிலேயே எதிர்ப்படும். "இது என்ன விசர் மொழி!" என்று அவர்கள் அலுத்துக்கொண்டால் அதில் நியாயம் உண்டு.

5 என்பதை எண்ணாக அன்றி எழுத்தாக எழுதி, அதனுடன் 1 ஐக் கூட்டினால் 51 என்கிறது. அதிலிருந்து 1 ஐக் கழித்தால் 4 என்கிறது. இம்மொழியில் கூட்டற்குறிக்கு எழுத்துகளை ஒட்டும் வேலையும் உண்டு. கழித்தற்குறிக்கு அது இல்லை. மாதக் கணக்கோ இன்னும் விநோதமானது. நாட்கள் 1 இல் தொடங்க, மாதங்கள் 0 இல் தொடங்குகின்றன. ஜனவரி 0, டிசம்பர் 11. கவனியாது எழுதினால் ஒருவரின் பிறந்த மாதமே மாறிவிடும். எந்த விண்ணப்பத்திலும் பிறந்த திகதியை முதலில் எழுதவேண்டிய எம்மவர்க்கு இது சிறிய விடயமன்று.

1995 மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் உருவாக்கினார். மாதக் கணக்கு ஜாவா என்ற வேறொரு மொழியைப் பார்த்து எடுக்கப்பட்டது. அவசரத்தில் புகுந்தவை ஏன் இன்னும் நீக்கப்படவில்லை?

அவற்றை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் உலகெங்கும் உள்ளன. பலவற்றைப் பராமரிக்க இன்று எவருமில்லை. மொழியைத் திருத்தினால் அவை உடைந்துபோகும். ஆதலால் மொழியின் வளர்ச்சியைக் கவனிக்கும் குழுவினர் கூடி விவாதித்து, ஒருமித்த கருத்து ஏற்பட்ட பின்பே எதையும் சேர்க்கின்றனர். 2018 இல், பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களை ஒன்றாக்கும் புதிய வசதிக்கு 'ஃபிளாற்றன்' என்று பெயரிட விரும்பினர். ஒரு பழைய மென்பொருள் அப்பெயரை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தது. காரசாரமான விவாதத்தின் பின் 'ஃபிளாற்' என்ற பெயர் முடிவாகி, 2019 இல் மொழியிற் சேர்ந்தது.

இவ்விவாதங்கள் எமக்கும் உரியவை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ற் 5 என்கிறது. நாம் எண்ணினால் மூன்றெழுத்து. இகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இத்தனை எழுத்துக்கு மேற் கூடாது என்று இக்கணக்கில் ஒரு பெட்டி அமைத்தால், தமிழில் எழுதிய பெயர் இடையில் அறுந்துவிடும். பழைய கணக்கை மாற்றாமல், 3 என்று எண்ணும் வேறொரு வசதியைப் பின்னர் சேர்த்துள்ளனர். அதை அறிந்து பயன்படுத்துவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

பெற்றோரே, அக்குழுவின் விவாதக் குறிப்புகளை எவரும் வாசிக்கலாம், கருத்தும் கூறலாம். ஆங்கிலமும் கணிதமும் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு 5 என்ற விடையில் பிழை தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அரிச்சுவடியும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கணனி வகுப்புக்காகத் தமிழ் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.