மலைப் பள்ளிகள் – 11: பெற்றோர் கூட்டம் காலை பத்து மணிக்கு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தர வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமாரைப் பணித்ததைக் கடந்த வாரம் பார்த்தோம். பத்து வயதோடு சட்டத்தின் அக்கறையும் தீர்ந்தது. அதற்குப் பிறகு பிள்ளை போக வேண்டிய இடம் கொழுந்து மலைதான்.

1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. பிறகு ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக லயத்துப் பிள்ளைகளிடமே திரும்பினார்கள். அதற்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்களில் நல்லாசிரியர்கள் இருந்தார்கள்தான். ஆனால் இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தால் பெட்டி கட்டிவிடுவார்கள். நமுனுகுலை மலைச் சரிவில் தங்க ஒரு நல்ல அறைகூடக் கிடைக்காதவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வந்த உதவியில் பெரும்பங்கு ஆரம்ப வகுப்புகளுக்கே போனது. தரம் ஆறுக்கு மேல்தான் வழுக்கல். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டும். ஊவா மாகாணத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சில. பசறை, லுணுகலைத் தோட்டத்துப் பிள்ளை டாக்டராக ஆசைப்பட்டால் முதலில் நகரத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

2015இல் மலையகத்துக்கென்று ஆசிரியர் உதவியாளர்களை நியமித்தார்கள். உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்கள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு, பின்னர் 10,000. முதலில் வகுப்பு, பயிற்சி அப்புறம். எந்தத் தொழிலிலும் இப்படி ஆரம்பிக்க மாட்டார்கள்.

பயிற்சியிலும் ஒரு பெரிய விடுபாடு தெரிகிறது. பாடத்தைச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளையின் வீட்டைப் பற்றிச் சொல்வது குறைவு. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு)ப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் லயத்துக்கு வருவாள். பாடசாலையோ பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கும். வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். வராவிட்டால் 'பெற்றோரின் ஒத்துழைப்பு இல்லை' என்று அறிக்கையில் ஏறும். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் கையெழுத்திடப் பாட்டிதான். அவளுக்கோ எழுதத் தெரியாது.

வீட்டையே இழந்த பிள்ளைகளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் திரும்ப வீடில்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. பாடசாலைக் கட்டடங்களே முகாம்களாயின. அந்த வாரம் அந்தப் பிள்ளைகளின் முன் நின்ற ஆசிரியருக்கு எந்தப் பயிற்சிக் கையேடு உதவியிருக்கும்?

ஆகவே கற்பித்தல் பயிற்சிக்கு ஆசிரிய மாணவர்களைத் தோட்டத்து இடைநிலைப் பாடசாலைகளுக்கே அனுப்ப வேண்டும், அதுவும் ஒரு தவணை முழுவதும். பெற்றோர் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு லயத்து வாசலில் வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். அதற்குச் சுற்றறிக்கைகூட வேண்டியதில்லை.