மகளின் இன்டர்ன்ஷிப்புக்கு அப்பா யாரைக் கேட்கலாம்?

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இன்டர்ன்ஷிப் தேவைப்படுகிறது. கல்லூரியின் பிளேஸ்மென்ட் பிரிவு சிலருக்கு ஏற்பாடு செய்து தரும். மற்றவர்களிடம் “நீங்களே தேடிக்கோங்க” என்று சொல்லிவிடுவார்கள். தொழிலதிபர் மாமாவோ ஐ.டி. கம்பெனி மேனேஜர் சித்தப்பாவோ இருக்கும் பிள்ளைக்கு ஒரே போன் காலில் காரியம் முடிந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்கவைக்கும் வீட்டில், “நமக்கு யாரைத் தெரியும்?” என்று அப்பாவும் அம்மாவும் கையை விரித்துவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்கும் நிறையப் பேரைத் தெரியும். அந்த ஆட்கள் நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தகவல் சொன்னவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னது ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆள்தான் வழிகாட்டியிருந்தார். காரணம் எளிது. நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம் உள்ளவர் வேறொரு வட்டத்தில் நடமாடுகிறார்.

அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட், சிறுதொழில் கடன் பார்க்கும் வங்கி அலுவலர், ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் டிரைவர், மெஷின் உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர், பக்கத்து பிளாக்கில் குடியிருக்கும் சூப்பர்வைசர். என்னைக் கேட்டால், கோவை, ஓசூர், அம்பத்தூர் போன்ற தொழில் ஊர்களில் பட்டியலின் முதல் பெயர் ஆடிட்டராக இருக்க வேண்டும். பல சிறு ஆலைகளின் ஜி.எஸ்.டி. கணக்கு அவர் மேஜைக்குத்தான் வருகிறது. முதலாளிகளோடு மாதாமாதம் பேசுகிறவர் அவர். எந்த ஆலைக்குப் புது ஆர்டர் வந்திருக்கிறது, எங்கே ஆள் போதவில்லை என்பது அவருக்குத் தெரியும். சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் ஒரு ஆடிட்டரோ கணக்கு எழுதித் தருபவரோ இருப்பார். ஆனால் மாதத்தின் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு. அதை ஒட்டிய நாட்களிலும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் கடைசியிலும் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கோடை விடுமுறைக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே கேட்டுவிடுவது நல்லது.

“ஏதாவது இருந்தா பாருங்க சார்” என்று மட்டும் கேட்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு அவர் யாரிடம் என்னவென்று பேசுவார்? இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம்:

“வணக்கம் சார். என் மகள் இ.இ.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஜூன் மாதம் நாலு வாரம் இன்டர்ன்ஷிப் தேடுகிறாள். மோட்டார் கன்ட்ரோல் பேனல் வேலை கற்றுக்கொள்ள ஆசை. உங்களுக்குத் தெரிந்த பம்ப்செட் அல்லது பேனல் போர்டு கம்பெனியில் யாரிடமாவது அவள் பத்து நிமிஷம் பேச முடியுமா? நம்பர் கொடுத்தால் அவளே கூப்பிடுவாள். தோதுப்படாவிட்டாலும் பரவாயில்லை சார்.”

படிப்பு, மாதம், எத்தனை வாரம், எந்த வேலை என்று எல்லாம் இதில் இருக்கிறது. ஆடிட்டர் இதை அப்படியே ஃபார்வர்டு செய்துவிடலாம். கேட்டிருப்பது பத்து நிமிடப் பேச்சு மட்டும்தான். அதை மறுப்பவர்கள் குறைவு. கடைசி வரியும் முக்கியம். முடியாது என்று சொல்ல அவருக்கு இடம் வைத்தால்தான் நாளை வேறு காரியத்துக்குப் போய் நிற்க முடியும்.

நம்பர் கைக்கு வந்ததோடு பெற்றோர் ஒதுங்கிவிட வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். அப்பா போன் செய்து “பொண்ணைக் கொஞ்சம் சேத்துக்கோங்க” என்று கேட்டால், ஆசை மகளுக்கா அப்பாவுக்கா என்ற சந்தேகம் வரும். மகளும் பேசிப் பழகும் ஒரு வாய்ப்பை இழக்கிறாள். கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கட்டும். “வணக்கம் சார், ஆடிட்டர் சார் உங்க நம்பர் கொடுத்தாங்க. இப்ப பேசலாமா, அப்புறம் கூப்பிடட்டுமா?” இந்த இரண்டு வாக்கியம் தடுமாறாமல் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கூப்பிடும் முன் அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்க ரெஸ்யூம் தயாராக இருக்க வேண்டும். எடுத்தவுடன் இடம் கேட்காமல், அங்கே நடக்கும் வேலையைப் பற்றிக் கேட்கலாம். இடம் இல்லை என்று சொன்னாலும் போனை வைக்கும் முன், “இந்த வேலை தெரிஞ்ச வேற யார்கிட்ட நான் பேசலாம் சார்?” என்று கேட்க வேண்டும். பல சமயம் அடுத்த நம்பர் அந்தக் கேள்வியில்தான் கிடைக்கும்.

சிறு கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப்பைக் கவனிக்கவென்று ஹெச்.ஆர். இருக்காது. கல்லூரியின் அனுமதிக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், கடைசியில் கையெழுத்து வாங்க வேண்டிய படிவம் எல்லாவற்றையும் மாணவர்தான் கொண்டுபோக வேண்டும். வேலை நேரம், பஸ் வசதி, அங்கே யார் பொறுப்பு என்பதைப் பெற்றோர் தயங்காமல் விசாரிக்கலாம். இது தலையீடு ஆகாது.

பணம் கட்டினால் வேலையே செய்யாமல் சான்றிதழ் தரும் இடங்கள் பெருகிவிட்டன. அந்தப் பக்கமே போக வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூவில் “அங்க என்ன செஞ்சே?” என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துவைக்கலாம். பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கியபோது அது 21 முதல் 24 வயதுக்குள், முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கு என்றே அறிவிக்கப்பட்டது. அந்த விதிப்படி, கல்லூரி போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு அது பொருந்தவில்லை.

இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்ன ஆயிற்று என்று ஆடிட்டருக்கு இரண்டு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு நம்பர் கொடுக்க அவர் யோசிப்பார். அந்த இரண்டு வரியையும் மகள்தான் அனுப்ப வேண்டும்.